பேர் போட்ட பை

என் மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று, அவள் மாமியார் வீட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனேன். அங்கே துணிக்கொடியில், துண்டுக்கும் பாவாடைக்கும் நடுவில், எங்கள் வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் நிறம் வெளுத்துப் போயிருந்தது. எழுத்து மட்டும் அழியவில்லை. மேலே பிள்ளையார், அதற்குக் கீழே என் மகள் பேரும் மாப்பிள்ளை பேரும், அடியில் சின்ன எழுத்தில் எங்கள் பேரும் சம்பந்தி பேரும் ஊரும்.

பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் பையைத் துவைத்து வைத்துப் பயன்படுத்துகிறார்களே என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். நிலம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் கணவருக்கு அரசு வேலை கிடைத்ததும் ஊரப்பாக்கத்துக்கு வந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். மகள் படித்து, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே உடன் வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். பையன் நல்லவன், நல்ல சம்பளம். ஆனால் அவன் அப்பா கடலில் தொழில் செய்கிறவர், அம்மா மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். நாங்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு பிறகு ஒப்புக்கொண்டோம்.

ஒப்புக்கொண்டோம் என்றால் முழுசாக இல்லை. பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது மாப்பிள்ளையின் ஊர்ப் பேருக்குக் கடைசியில் இருந்த ‘குப்பம்’ வேண்டாம், வெறுமனே மாமல்லபுரம் என்று போட்டால் போதும் என்று சொன்னது நான்தான். பையிலும் அப்படியே அச்சாகி வந்தது. குடியிருப்பில் யாராவது கேட்டால், “மாப்பிள்ளை சாஃப்ட்வேர். அவங்கப்பா மாமல்லபுரத்துல பிசினஸ்” என்போம். மீன் பிசினஸ்தானே, பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்பார் என் கணவர். கல்யாணத்துக்கு வந்த குடியிருப்புக்காரர்கள் வரவேற்பில் மேடை ஏறி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சம்பந்தி வெள்ளை வேட்டி சட்டையில் பிசினஸ்காரர் போலத்தான் இருந்தார்.

தாம்பூலப் பை நிறைய மிஞ்சிப் போய்ப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தொட்டால் துணி மாதிரி இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்தான்.

கணவர் ஓய்வு பெற்றதும் தூண்டில் போட்டு மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தார். குடியிருப்பில் அவரைப் போலவே ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்கள். ஒருவரிடம் கார் இருந்தது. முதலில் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். பிறகு கார்க்கார நண்பர் கடற்கரைப் பக்கம் உப்பங்கழியில் நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். மூன்று பேருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான். எலுமிச்சை சாதம் அலுமினியத் தாள் டப்பாவில், சட்னி தனியாகப் பிளாஸ்டிக் கவரில், தண்ணீர் பாட்டில்கள், டீக்குக் காகிதக் கப்புகள், இரைக்கு வாங்கிய இறால் இன்னொரு கவரில். எல்லாவற்றையும் பரணிலிருந்து எடுத்த ஒரு தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பேன்.

மத்தியானம் திரும்பி வரும்போது அவர் கையில் தூண்டில் இருக்கும். சில நாள் இரண்டு மடவை மீனும் இருக்கும். பை இருக்காது. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. காலி டப்பாவெல்லாம் எங்கே என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. மகள் மூலமாகச் சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய பெரிய கொடுவா மீன் ஒன்றை, பக்கத்து வீட்டில் பார்த்துக் கேட்டபோது, இவர் பிடித்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தத் துணிக்கொடிக்கு வருகிறேன்.

கொடிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை, சம்பந்தியின் தங்கை, பெரிய குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனசில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவள்.

“இந்தப் பையை இன்னும் பத்திரமா வெச்சிருக்கீங்களே” என்றேன்.

“எங்க வெச்சிகிறது? எங்களுக்குக் குடுத்ததெல்லாம் அப்பவே தீந்துபூச்சி. இது கழி ஓரம் கெடக்கறது சம்பந்திம்மா. எங்க அண்ணிதான் பொறுக்கியாந்து அலசிப் போடுது.”

“கழி ஓரமா? அங்க எப்படி?”

“மீன் புடிக்க வராங்கல்ல, கார்ல, ராடு எடுத்துகினு. துன்னுட்டு அப்டியே போட்டுட்டுப் பூடறாங்க. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒரு பை வருது.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா, உங்க வூட்டுக்காரரு உங்களாண்ட ஒண்ணும் சொல்லலியா?”

“எங்க வீட்டுக்காரரா?”

“அவருதான். தலைல துண்டக் கட்டிகினு குந்தினுகீறாரு. இன்னா கட்னாலும் கல்யாணத்துல பாத்த மூஞ்சி தெரியாம பூடுமா? இங்கேர்ந்து அஞ்சு நிமிசம்கூட இல்ல, தோ அந்தச் சவுக்குத் தோப்பு தாண்டினா அந்த எடம்.”

எனக்குக் காது சுட்டது. கொளவாய் ஏரி போனார்கள், பிறகு கடற்கரைப் பக்கம் போனார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று அவர் சொன்னதில்லை. மகளைக் கொடுத்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வாராவாரம் வந்து உட்கார்ந்துவிட்டு, ஒரு நாளும் வாசல்படி ஏறாமல் திரும்பி வந்திருக்கிறார்.

“எங்க அண்ணன் ஞாயித்துக்கெழமைன்னா அந்தப் பக்கமே படகு வுடறதில்ல” என்றாள் அத்தை. “கண்ணுல பட்டா அவரு சங்கடப்படுவாருன்னுது. இன்னாத்துக்கு சங்கடம்னு நானு கேட்டேன். வுடும்மான்னுட்டுது.”

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். “கழியில கெடந்ததை எதுக்குப் பொறுக்கணும், விட்டுடலாமே” என்று ஏதோ உளறினேன்.

“பேரு போட்டுகீதே! புள்ள பேரு, மருமவ பேரு. நாய் இழுத்துகினு போவுது, போறவன் வர்றவன்லாம் மிதிக்கிறான். அண்ணிக்கு மனசு கேக்கல. மத்தக் குப்பைய யாரால வாற முடியும்? இத்த மட்டும் எடுத்தாந்துடும். போன வாரம் அதுக்குள்ள கை வுட்டப்பதான் தூண்டி முள்ளு ஏறிகிச்சி. டாக்டராண்ட போயி அறுத்து எடுத்துகினு வந்துது.”

காலையில் வந்ததும் சம்பந்தியம்மா கட்டை விரலில் துணி சுற்றிக் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டிருந்தேன். “முள்ளு குத்திடுச்சி சம்பந்தி” என்றார். மீன் முள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மீன் வேலை செய்கிற வீட்டில் இதெல்லாம் சகஜம்தானே என்றும் நினைத்தேன்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. “சம்பந்தி, வாங்க, நேரமாவுது. நீங்க வந்தாத்தான் வளையல் ஆரம்பிக்கணும்.”

கூடத்தில் மகள் பட்டுப் புடவையில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தாள். நான் சந்தனம் பூசி, வளையல் போட்டு, பூ வைத்தேன். ஒரே கன்னத்தில் இரண்டு தடவை சந்தனம் பூசியதைப் பார்த்து யாரோ, அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல என்றார்கள். அடுத்துச் சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட விரல் மடங்கவில்லை. மற்ற விரல்களால் வளையலைப் பிடித்து, மகள் கைக்கு வலிக்காமல் மெதுவாக ஏற்றினார். கண்ணாடி வளையல் ஒன்று அந்த விரல் கட்டின் மேல் இடித்தபோது அவர் முகம் சுருங்கி உடனே சிரித்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பந்தலில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி பக்கத்தில் நின்று, அவர் இலையில் எது குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் சிரித்த முகமாகப் போதும் போதும் என்று கையை மறித்தார்.

அவர் கை கழுவியதும் நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை எங்க மீன் பிடிக்கிறீங்க?”

உடனே புரிந்துவிட்டது அவருக்கு. “யார் சொன்னா?”

“ஊரே பார்த்திருக்கு. கொடியில போய்ப் பாருங்க, நம்ம பை அத்தனையும் காயுது. அவங்க விரல்ல ஏறினது உங்க தூண்டில் முள்ளு.”

“எங்க முள்ளுன்னு எப்படிச் சொல்ற? எத்தனையோ பேர் வராங்க. அந்தக் கரையே குப்பையாத்தான் கெடக்கு, நம்ம பை ஒண்ணாலயா?” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. “பையில பேர் இருக்குதுங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல. கூட வந்தவங்க போட்டாங்க, நானும் போட்டேன்.”

“சரி, அது போகட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் வீட்டுக்குள்ள வரலை?”

அவர் வேன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தார். “அவங்க ரெண்டு பேரும் கூட இருக்காங்க. என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வர்றது? பிசினஸ்னு சொல்லி வெச்சிருக்கோம். இடத்தை மாத்தலாம்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இங்க மீன் நல்லாப் படுதுன்னுட்டாங்க.”

அவரைத் திட்டத்தான் கூப்பிட்டிருந்தேன்.  ஆனால் ஊர்ப் பேரிலிருந்து குப்பத்தை எடுக்கச் சொன்னவள் நான். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார் என்றால், அந்தத் துண்டின் ஒரு முனையை நானும் பிடித்துத்தான் கட்டியிருக்கிறேன்.

முறைப்படி மகளை எங்களோடு அழைத்து வந்தோம். கேளம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் வேனில் வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு நான் மெல்ல, “அந்தப் பை விஷயம் உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்மா” என்றாள். “என் மாமியார் எனக்குத் தெரியாமத்தான் அலசிப் போடுவாங்க. ஒரு நாள் நானே பார்த்துட்டேன். உங்கப்பா கிட்டக் கேக்காத, பெரிய மனுசன் வெக்கப்படுவாருன்னாங்க. எனக்கு அங்க தலை நிமிர்ந்து நிக்கவே முடியலம்மா. அவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாத் தேவலை.”

முன்சீட்டில் அவள் அப்பா திரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை என்றதும் அவர்களும் போகவில்லை. நானும் அவரும் பஸ் பிடித்துப் போனோம். கையில் காலி அரிசிச் சாக்குகளும் ரப்பர் கையுறைகளும். அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, அப்படியே சம்பந்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் அந்த இடம் தெரிந்தது. சேறும் மணலும் கலந்த கரை. பீர் பாட்டில், உடைந்த தெர்மாகோல் பெட்டி, பிரியாணி டப்பா, சிகரெட் அட்டை. புதரெல்லாம் தூண்டில் நரம்பு சுற்றிச் சிலந்தி வலை போல மின்னியது. அழுகிய இறால் நாற்றம். இது எல்லாமே எங்களுடையது இல்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் போட்டது. அப்படி நினைத்து நான் ஆறுதல் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சட்னி கவர் காலில் பட்டது. வாயை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, மேலே ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. என் கட்டு. என் அடுக்களையில் நின்று நான் கட்டினது. அதற்கப்புறம் தேடத் தேட அதே கட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

இரண்டு பேரும் பொறுக்கினோம். அவருக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும். சேற்றில் மண்டி போட்டு நரம்பை அறுத்து அறுத்து எடுத்தார். தோப்புப் பக்கம் ஆட்கள் வந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. ஒரு சாக்கு நிறைந்து, இரண்டாவது பாதி ஆகியிருக்கும். சம்பந்தியம்மா செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

“இன்னா காரியம் பண்றீங்க சம்பந்தி! ஏந்திருங்க மொதல்ல!”

“எங்க குப்பைதானே சம்பந்தி” என்றேன்.

“எவன் குப்பையா வேணா இருக்கட்டும். ஊரு பாக்குது. பொண்ணு குடுத்தவங்களக் குப்பை பொறுக்க வுட்டுட்டு வூட்ல குந்தினுகீறாங்கன்னு நாளிக்கி எங்களத்தான் காறித் துப்புவாங்க. எங்க மானம் பூடும் சம்பந்தி, குடுங்க இப்டி.”

கட்டுப் போட்ட கையாலேயே சாக்கைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையோடு இழுபறி செய்ய முடியாமல் நான் விட்டுவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கள் வெட்கத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று வந்து, அவர்கள் தலையில் இன்னொரு வெட்கத்தை ஏற்றியிருந்தோம். ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பின்னாலேயே சம்பந்தி வந்தார். நிறைந்த சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டார். என் கணவர் சேற்றிலிருந்து எழுந்து, “நான் பண்ணினது…” என்று தொடங்கினார்.

“இன்னிக்கி ராடு எடுத்தாரலியா?” என்றார் சம்பந்தி. குத்திக் காட்டவில்லை. சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார். என் கணவர் இல்லை என்று தலையாட்டினார். அந்த மாதிரி அவர் முகம் சிறுத்துப் போய் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இட்லியும் வஞ்சிரக் குழம்பும் வந்தது. அத்தை அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை; யாரோ நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சம்பந்தி, நாங்க உங்ககிட்ட…” என்றேன்.

“இன்னும் ரெண்டு வெச்சிக்குங்க. பொண்ணு சாப்டறாளா ஒயுங்கா? புளிப்பு கேட்டா குடுங்க” என்றார் சம்பந்தியம்மா.

இன்னொரு தடவை ஆரம்பித்தேன். அப்போதும் குழம்பு ஊற்றினார். அது மன்னித்ததா, அந்தப் பேச்சே வேண்டாம் என்றதா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்களை பஸ் ஏற்றிவிடும் வரைக்கும் அவர் மகளைப் பற்றித்தான் பேசினார். சாக்கு இரண்டையும் சம்பந்தி என்ன செய்தார் என்பதையும் நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் கணவர் மீன் பிடிக்கப் போகவில்லை. மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர்கள் சில வாரம் பார்த்தார்கள். பிறகு ஹோட்டல் சாப்பாடு வாங்கிக்கொண்டு தாங்களே கிளம்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது, கேட்டருகில் காரில் தூண்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் பார்சல் பைகளும் தண்ணீர் பாட்டில் கட்டும் இருந்தன.

“சாருக்கு மூட்டு எப்படி இருக்கு? வரச் சொல்லுங்க. அந்த இடத்துல இப்ப கொடுவா படுது” என்றார் கார்க்காரர்.

பால் பாக்கெட் கையில் சில்லென்று இருந்தது. “அவருக்கு மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன். “அது எங்க சம்பந்தி ஊரு. அந்தத் தோப்புக்குப் பின்னாடிதான் அவங்க வீடு. என் பொண்ணு வாழற ஊரு அது. எங்க சம்பந்தி கடல்ல தொழில் பண்றவர், சம்பந்தியம்மா மீன் விக்கறவங்க. நீங்க மூணு பேரும் போட்டுட்டு வந்ததை அவங்கதான் பொறுக்கினாங்க. கையில முள்ளு ஏறி அறுத்து எடுத்தாங்க.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வாட்ச்மேனும் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அடடா. சார் சொல்லவே இல்லையேம்மா” என்றார் ஒருவர். “பிசினஸ்னு…” என்று மற்றவர் இழுத்தார்; பாதியில் நிறுத்திக்கொண்டார். எதைக் கேட்டு அவர்கள் முகம் மாறியது, குப்பையைக் கேட்டா, சம்பந்தியின் தொழிலைக் கேட்டா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மேலே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நான் சொல்லியிருக்கணும்” என்றார்.

அந்த நண்பர்கள் இப்போது அந்தக் கரைக்குப் போவதில்லை. பாலாறு கடலில் சேருகிற பக்கம் வேறு இடம் பார்த்திருக்கிறார்களாம். நல்ல இடம், ஆளே இல்லை என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கார் கிளம்பும் சத்தம் எங்கள் படுக்கையறைக்குக் கேட்கும். அந்தக் கரையில் யார் வீடு இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். எழுந்து போய் இன்னொரு தடவை சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.